நகரத் தொகுதி எம்.பி.யிடம் எதைக் கேட்க வேண்டும்?

தென்சென்னையில் குடியிருக்கும் ஒருவர் எழுப்பிய கேள்வி இது: "மழை பெய்தால் எங்கள் தெருவில் கழிவுநீர் பொங்கி வாசல்வரை வந்துவிடுகிறது. எம்.பி.யை இந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. தொலைக்காட்சியைப் போட்டால் டில்லியில் பேசிக்கொண்டிருக்கிறார். அங்கே பேசுவதால் எங்களுக்கு என்ன பயன்? தொகுதியில் அவருக்கு என்னதான் வேலை? அடுத்த தேர்தலில் எதை வைத்து அவரை எடைபோடுவது?" நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைப் பல ஆண்டுகள் உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில், இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கழிவுநீரையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் தனித்தனிக் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார். உள்ளாட்சி, குடிநீர், பொதுச் சுகாதாரம் ஆகியவை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. இந்த அமைப்புகளில் ஒரு உதவிப் பொறியாளருக்குக்கூட உத்தரவிடும் அதிகாரம் எம்.பி.க்கு இல்லை. அவர் தொலைபேசியில் பேசினால் பதவிக்குரிய மரியாதைக்காக அடைப்பை எடுத்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் தென்சென்னைத் தொகுதியில் 2024 தேர்தலின்போது ஏறத்தாழ 20 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். அத்தனை பேரின் அடைப்பையும் தொலைபேசியில் எடுக்க ஒருவரை நாம் டில்லிக்கு அனுப்பவில்லை. உங்கள் தெருவுக்குக் கவுன்சிலர் வரவில்லை என்றால் அந்தக் கோபம் முழுவதும் நியாயமானது, எம்.பி. வரவில்லை என்ற கோபம் பாதிதான் நியாயம்.

மற்றப் பாதியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பெருநகரத்தில் மத்திய அரசின் கை மிக ஆழமாக இறங்கியிருக்கிறது. துறைமுகம், ரயில்பாதை, விமான நிலையம், படைத்துறை நிலங்கள், எண்ணெய் நிறுவனங்கள், தேசிய நெடுஞ்சாலை என்று அதன் சொத்துகளும் நிறுவனங்களும் மாநகராட்சித் தெருக்களுக்கு நடுவே கிடக்கின்றன. மாநில அரசின் கோப்பும் மத்திய அரசின் கோப்பும் உரசிக்கொள்ளும் இடங்கள் நகரத்தில்தான் அதிகம். வேலைகள் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடப்பதும் அந்த இடங்களில்தான். இரண்டு பக்கமும் பேசக்கூடிய, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே ஆள் எம்.பி. அவருடைய உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைவரை பறக்கும் ரயில்பாதையை நீட்டிக்கும் பணியைப் பாருங்கள். மொத்தமே ஐந்து கிலோமீட்டர். 2008இல் வேலை தொடங்கியது. பாதையின் பெரும்பகுதி எழும்பிய பிறகும், ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளத்துக்கான நிலம் கையகப்படுத்தும் விவகாரம் வழக்குகளில் மாட்டிக்கொண்டதால், பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தூண்கள் அந்தரத்தில் நின்றன. செலவை ரயில்வேயும் மாநில அரசும் பகிர்ந்துகொண்ட திட்டம் இது. ரயில்வேயிடம் கேட்டால் நிலத்தை மாநில அரசு ஒப்படைக்க வேண்டும் என்று பதில் வரும். இங்கே கேட்டால் வழக்கையும் இழப்பீட்டையும் காட்டுவார்கள். இரண்டு பதில்களும் தனித்தனியே சரியாகவே இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் மாவட்ட ஆட்சியரின் நில எடுப்புப் பிரிவில் உட்கார்ந்து எந்தெந்த வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வாங்கி, அந்தத் தாளோடு போய் ரயில்வே அமைச்சகத்தைக் கேட்பவர்தான் வேலை செய்கிற எம்.பி. திறப்பு விழா மேடையில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதிலிருந்து இது எதுவும் நமக்குத் தெரியாது.

வடசென்னையில் இது இன்னும் கடுமையான வடிவத்தில் வந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகுகள், வலைகள், அலையாத்திச் செடிகள், வீட்டுச் சுவர்கள் எல்லாவற்றிலும் கறுப்பாகப் படிந்தது. விசாரணையின் மையத்தில் இருந்த சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஒரு பொதுத்துறை நிறுவனம். அதன் அமைச்சகம் டில்லியில் இருக்கிறது. கடலில் எண்ணெய் அகற்றுவதில் கடலோரக் காவல்படைக்குப் பங்கு உண்டு. அதுவும் மத்திய அரசு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மீன்வளத் துறையும் மாநில அரசு. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. வலை இழந்த மீனவர் இந்த ஐந்து வாசல்களில் எதைத் தட்டுவார்? அவருக்காக ஐந்தையும் தட்ட வேண்டியவர் யார் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

இனி டில்லிக்கு வருவோம். அங்கே நடப்பதில் தொலைக்காட்சியில் தெரிவது மிகச் சிறு பகுதி. ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர்கள். 17ஆம் மக்களவை (2019-24) தன் ஐந்து ஆண்டுகளில் கூடியது 274 நாட்கள், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 55 நாட்கள்தான். முழுக் காலமும் நடந்த மக்களவைகளில் இதுவே மிகக் குறைவு. அந்த நாட்களில் ஒரு சாதாரண உறுப்பினரின் கையில் உள்ள கூர்மையான கருவி கேள்வி நேரம். காலை 11 மணி முதல் 12 மணிவரை அமைச்சர்கள் பதில் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு, வாய்மொழிப் பதில் கோரும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் இருபது. எழுத்தில் மட்டும் பதில் பெறும் கேள்விகள் 230. குறைந்தது பதினைந்து முழு நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். யாருடைய கேள்வி முன்னால் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. இருபதில் அவையில் வாய்மொழியாகப் பதில் பெறுவது பெரும்பாலும் ஐந்தாறுதான். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே நிறுத்திவைத்தார்கள். எழுத்துப்பூர்வமான பதில்கள் தொடர்ந்தன என்றாலும், அமைச்சரை நேருக்கு நேர் மடக்கும் அந்த ஒரு மணி நேரம் போனது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

கேள்வியை எழுதுவது ஒரு தனித் தொழில். "சென்னையில் ரயில் வசதிகளை மேம்படுத்த அரசு நடவடிக்கை எடுக்குமா?" என்று கேட்டால், "மேம்பாடு என்பது தொடர்ந்து நடைபெறும் பணி" என்று ஒரு வரி வரும். அதோடு முடிந்தது. அதையே பிரித்து, குறிப்பிட்ட பணிக்கு எந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதில் இதுவரை செலவானது எவ்வளவு, முடிக்க முதலில் குறித்த நாள் எது, இப்போது குறித்திருக்கும் நாள் எது, இடையில் தாமதத்துக்கு எந்த அலுவலகத்திடம் என்ன நிலுவையில் உள்ளது என்று அ, ஆ, இ போட்டுக் கேட்டால், அமைச்சகம் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியாக வேண்டும். சில நேரம் "தகவல் திரட்டப்படுகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்று தள்ளிப்போடுவார்கள். பலர் அதைப் படித்துவிட்டுச் சோர்ந்துபோவார்கள். ஆனால் அந்த வாசகமே அவையில் தரப்பட்ட ஓர் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறாவிட்டால் அரசு உறுதிமொழிகள் குழு துறையைக் கூப்பிட்டுக் கேட்கும். இதைத் தெரிந்துவைத்து நினைவூட்டிக்கொண்டே இருக்கும் உதவியாளர் ஒருவர் இருந்தால், எம்.பி.யின் வலு இரட்டிப்பாகும்.

கேள்வியின் அமைப்பு எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதற்கு, நகரத்தில் வாழும் நாம் எல்லோரும் தலைகுனிந்து படிக்க வேண்டிய உதாரணம் ஒன்று உண்டு. கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதும் அதே சட்டப்படி குற்றம். 2021இல் நாடாளுமன்றத்தில், கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று அரசு பதில் சொன்னது. அதே காலத்தில், சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் எத்தனை பேர் என்று தனியே கேட்கப்பட்டபோது, 1993 முதல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்ற கணக்கை அதே அமைச்சகம் தந்தது. அந்தப் பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. அப்படியான மரணங்களுக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் விதித்த இழப்பீடு, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. உங்கள் தெருச் சாக்கடை பொங்கும்போது உள்ளே இறக்கப்படுகிறவர் யார், அவருக்கு முகக்கவசமும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வந்து சேர்ந்தனவா, சாக்கடைத் தூய்மைத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் அவர் பெயர் பதிவானதா, இறந்தவரின் குடும்பத்துக்கு முழு இழப்பீடும் போனதா என்பவை நேரடியாக எம்.பி. கேட்க வேண்டிய கேள்விகள். இங்கே விவரம் திரட்டி அங்கே கேட்டு, அங்கே கிடைத்த பதிலை இங்கே குடிநீர் வாரியத்திடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். அடைப்பை எடுக்கச் சொல்லித் தொலைபேசி செய்வதைவிட இது நூறு மடங்கு மேலான பணி.

சட்டம் இயற்றுவது எம்.பி.யின் முதல் வேலை என்று பாடப்புத்தகம் சொல்லும். நடைமுறையில், 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம் என்பதால், வாக்கெடுப்பில் தனி உறுப்பினரின் மனசாட்சிக்கு இடம் சுருங்கிவிட்டது. தனிநபர் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். 1970க்குப் பிறகு அப்படி ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. இருந்தாலும் அது வீண் முயற்சி அல்ல: திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறிய பிறகே, அரசு தன் பங்குக்கு ஒரு மசோதா கொண்டுவர வேண்டிய நெருக்கடி உண்டானது. 2019இல் வந்த அரசின் சட்டம் சிவாவின் மசோதா அளவுக்குத் தாராளமானது அல்ல என்பது என் கருத்து.

நிலைக்குழுக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கே கேமரா இல்லை என்பதுதான் காரணம். துறைசார் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் இவற்றில் உறுப்பினராக முடியாது. பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில், அவை கூடாத நாட்களில், துறைச் செயலாளர்களை உட்கார வைத்து மானியக் கோரிக்கைகளை, அதாவது துறைகள் கேட்கும் செலவு ஒதுக்கீடுகளை, வரிவரியாகக் கேட்பது இந்தக் குழுக்கள்தான். நகரத் தொகுதி உறுப்பினருக்கு வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் குழுவிலோ ரயில்வே குழுவிலோ இடம் கிடைத்தால் அது பெரிய வாய்ப்பு. கட்சிக் கொடி ஓரளவு கீழே இறங்கும் இடம் அது. எதிர்க்கட்சி உறுப்பினரின் கேள்வியை ஆளுங்கட்சியைச் சேர்ந்த குழுத் தலைவரே அறிக்கையில் சேர்த்துக்கொள்வதுண்டு. ஆனால் மசோதாக்களைக் குழுவுக்கு அனுப்புவதே குறைந்துவருகிறது. 15ஆம் மக்களவையில் (2009-14) 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 17ஆம் மக்களவையில் 16 சதவீதம். உறுப்பினர்கள் வேலை செய்யவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள், வேலை செய்யும் அறையின் கதவே சாத்தப்படுவதையும் கவனிக்க வேண்டும்.

தொகுதி அலுவலகத்தில் ஒரு காலைப்பொழுது எப்படி இருக்கும்? பத்து மணிக்குள் வரிசை சேர்ந்துவிடும். இன்று இரவு ரயிலில் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் ஒருவர் அவசர ஒதுக்கீட்டுக் கடிதத்துக்காக நிற்பார். மருத்துவமனை கொடுத்த செலவு மதிப்பீட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டு, பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குப் பரிந்துரை கேட்டு ஒரு தாய் உட்கார்ந்திருப்பார். கடவுச்சீட்டு நிலுவை, வருங்கால வைப்புநிதி, ஓய்வூதியம், அஞ்சலகச் சேமிப்பு என்று வருகிறவர்கள் சரியான வாசலுக்கு வந்தவர்கள். எல்லாம் மத்திய அரசு விவகாரம். முன்பு ஏப்ரல், மே மாதங்களில் கேந்திரிய வித்யாலயா இடத்துக்காக அலுவலகமே நிரம்பி வழியும். ஓர் எம்.பி.க்கு ஆண்டுக்குப் பத்து இடங்கள் என்றிருந்த அந்த ஒதுக்கீட்டை 2022இல் நீக்கினார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களின் மனவருத்தத்தைச் சம்பாதிக்கும் கொடுமையிலிருந்து அது பல உறுப்பினர்களை விடுவித்தது.

இந்த மனுக்களை வெறும் சில்லறை வேலை என்று ஒதுக்குவது தவறு. ஒரே மாதத்தில் ஒரே வைப்புநிதி அலுவலகத்தைப் பற்றி நாற்பது மனுக்கள் வந்தால், அது நாற்பது பேரின் பிரச்சினை அல்ல, அந்த அலுவலகத்தின் கோளாறு. மனுவைப் பதிவேட்டில் ஏற்றி, துறைவாரியாகப் பிரித்து, மாத முடிவில் எண்ணிப்பார்க்கும் அலுவலகத்துக்கு அடுத்த கூட்டத்தொடரின் கேள்விகள் தாமாகக் கிடைக்கும். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளும் அலுவலகத்துக்கு எதுவும் கிடைக்காது. எம்.பி.யின் கடிதத்துக்குப் பதினைந்து நாளில் ஒப்புகையும், அடுத்த பதினைந்து நாளில் பதிலும் தர வேண்டும் என்று மத்திய அரசு அலுவலகங்களுக்கு அறிவுறுத்தல் உண்டு. அதை நினைவில் வைத்துத் துரத்துவதற்கு ஆள் வேண்டும். அலுவலகச் செலவுக்கென எம்.பி.க்கு மாதம் 75,000 ரூபாய் தருகிறார்கள். அதில் உதவியாளர் ஊதியத்துக்கு 50,000. இருபது லட்சம் வாக்காளர்களுக்கும், படித்து முடிக்க வேண்டிய மசோதாக்களுக்கும், இரண்டு ஊர் அலுவலகங்களுக்கும் சேர்த்து இவ்வளவுதான். மீதியைக் கட்சியோ சொந்தப் பணமோ ஈடுகட்டுகிறது. சொந்தப் பணம் இல்லாத நல்ல உறுப்பினர்கள் திணறுகிறார்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றித்தான் அதிகமான தவறான எண்ணங்கள் உலவுகின்றன. 1993 டிசம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில், 2011-12 முதல் ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய். பெருந்தொற்றுக் காலத்தில் 2020 ஏப்ரல் முதல் 2021 நவம்பர்வரை நிறுத்திவைக்கப்பட்டது. பணம் எம்.பி.யின் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் ஆய்வு செய்து ஒப்புதல் தந்து நிறைவேற்றும். பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கு 15 சதவீதமும் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு 7.5 சதவீதமும் பரிந்துரைக்க வேண்டும். ஐந்து கோடி பெரிய தொகையாகத் தோன்றும். தென்சென்னையில் ஒரு வாக்காளருக்கு ஆண்டுக்கு 25 ரூபாய் என்று வகுத்துப் பார்த்தால் அதன் அளவு புரியும். நகரத்தில் இன்னொரு சிக்கல் நிலம். ஒரு பள்ளிக் கட்டடமோ உடற்பயிற்சிக் கூடமோ கட்ட நினைத்தால், அந்த இடம் மாநகராட்சியுடையதா, வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையதா, ரயில்வேயுடையதா, கோவிலுடையதா என்று தெளிவாவதற்குள் ஓராண்டு போய்விடும். ஆகவே விவரமறிந்த உறுப்பினர்கள் மாநகராட்சிப் பள்ளி வகுப்பறை, அரசு மருத்துவமனைக் கருவி என்று உரிமைத் தகராறு இல்லாத இடங்களைத் தேடிப் போகிறார்கள். எம்.பி.யின் பெயர் பொறித்த பேருந்து நிழற்குடைகளை எண்ணி அவரை மதிப்பிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதை மெட்ரோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டும், மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் கிடைக்காததால் மாநில அரசின் திட்டமாகவே சுமையைத் தாங்கிக்கொண்டு நடந்தது. 2024 அக்டோபரில்தான் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கையை அவையில் விடாமல் எழுப்பினார்கள். மாநில அரசும் தன் பக்கத்திலிருந்து வற்புறுத்தியது. எந்த ஒருவர் பெயரிலும் அந்த வெற்றியை எழுத முடியாது. ஆனால் சாலையெங்கும் தடுப்பு வைத்துத் தோண்டிக் கிடக்கும் ஒரு நகரத்தின் உறுப்பினர், ஐந்து கோடியைப் பற்றி அதிகம் கவலைப்பட்டாரா, இந்த அறுபதாயிரம் கோடியைப் பற்றி அதிகம் கவலைப்பட்டாரா என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

நாம் கேட்கிறோமா? 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 70 சதவீத வாக்குகள் பதிவாகின. தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54 சதவீதம். கிட்டத்தட்டப் பாதிப்பேர் வாக்களிக்காத தொகுதியில், திருமண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் வந்துபோவதே பாதுகாப்பான அரசியல் என்று ஒரு உறுப்பினர் முடிவு செய்தால், அவரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

எடைபோடுவதற்கு உங்களால் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உறுப்பினர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அமைச்சரின் பதிலும் நாடாளுமன்ற இணையதளத்தில் பெயர்வாரியாகக் கிடைக்கின்றன. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், நூற்றுக்கணக்கில் கேட்டவரின் கேள்விகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கலாம். உங்கள் தொகுதியின் பெயர், ஒரு பாலத்தின் பெயர், ஒரு அலுவலகத்தின் பெயர் அவற்றில் வருகிறதா என்று பாருங்கள். ஒரே விஷயத்தை மூன்று கூட்டத்தொடர்களில் விடாமல் தொடர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். வருகைப்பதிவையும் பார்க்கலாம், ஆனால் அமைச்சர்கள் அதில் கையெழுத்திடுவதில்லை என்பதால் அவர்களை அதை வைத்து மதிப்பிட முடியாது.

அடுத்த மழைக்கு முன்பு, கழிவுநீர் பொங்குவதைப் பற்றிக் கவுன்சிலரிடமும் குடிநீர் வாரியப் பகுதி அலுவலகத்திலும் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எம்.பி.க்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் அடைப்பை எடுக்கச் சொல்ல வேண்டாம். நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டத்தில் உங்கள் பகுதியின் பாதாளச் சாக்கடைக்கு ஒதுக்கீடு உண்டா, உண்டென்றால் எவ்வளவு செலவாகியிருக்கிறது, உங்கள் தெருச் சாக்கடைக்குள் இறங்குகிற தொழிலாளர்களில் எத்தனை பேர் நமஸ்தே திட்டத்தில் பதிவாகியிருக்கிறார்கள் என்று அவையில் கேட்கச் சொல்லுங்கள். தெரு எண், வார்டு எண், தண்ணீர் எத்தனை நாள் தேங்கியது என்ற விவரங்களையும் சேருங்கள். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும். பதினைந்து நாள் அறிவிப்புக் கணக்கு அவருக்கும் உண்டு.